நாள்மீன் வைப்பும் விண்மீன் குழுவும்: புறநானூறு 229ஆம் பாட்டை முன்வைத்து ஓர் அறிமுகம்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் இடம்பெறும் விண்மீன் பெயர்களை இன்றைய வான்படங்களோடு ஒப்பிடும்போது சில குழப்பங்கள் நேர்கின்றன. அவற்றைக் களையும் நோக்கில் விண்மீன் குழு, நாள்மீன், ஓரை ஆகிய மூன்று பகுப்புகளின் வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. கூடலூர் கிழார் பாடிய புறநானூற்று 229ஆம் பாட்டும் அதன் பழைய உரையும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வுரை காட்டும் நள்ளிரவு வானம் தமிழகத்து அட்சரேகைக்குக் கணக்கிட்டுப் பார்க்கும்போது பொருந்துகிறது. எனினும் அப்பொருத்தத்தைக் கொண்டு பாட்டின் ஆண்டைக் கணிக்க இயலாது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாள்மீன், ஓரை, விண்மீன் குழு, புறநானூறு 229, பழைய உரை, பங்குனி உத்தரம்.

முன்னுரை

புறநானூற்று 229ஆம் பாட்டின் தொடக்கத்தில் ஆடும் கார்த்திகையும் சேர்த்துக் கூறப்படுகின்றன. பழைய உரைகாரர் அதனை மேட இராசியில் அமைந்த கார்த்திகையின் முதற்கால் எனப் பொருள்படுத்துகிறார். இவ்வுரையைப் படிக்கும் ஆய்வாளர் ஒருவர் இன்றைய வான்படம் ஒன்றைத் திறந்து பார்ப்பாராயின் திகைப்படைவார். வான்படத்தில் கார்த்திகைக் கொத்து மேடத்தில் இல்லை, இடபத்தில் இருக்கிறது. உரைகாரர் பிழைபட்டாரா, பாடம் திரிந்ததா, அல்லது இரண்டாயிரம் ஆண்டுகளில் வானமே மாறிவிட்டதா என்னும் ஐயங்கள் அடுத்தடுத்து எழும். இவற்றுள் எதுவும் நிகழவில்லை. வான்படத்தில் உள்ள இடபமும் உரைகாரர் கூறும் மேடமும் ஒரே வகைப் பகுப்பைச் சேர்ந்தவை அல்ல என்பதே விடை.

தமிழிலக்கிய மாணவர் பெரும்பாலோர், இக்கட்டுரையாளர் உட்பட, இப்பாட்டின் முதற்பகுதியைச் சோதிடக் குறிப்பு என்று கருதி விரைந்து கடந்து, கையறுநிலை வெளிப்படும் பிற்பகுதியில் நின்றுவிடுவதே வழக்கம். ஆனால் வான் பற்றிய குறிப்பை இத்துணை நிறைவாகத் தரும் புறப்பாட்டு வேறொன்றைக் காண்பது அரிது. விண்மீன் குழுக்களை அறிமுகம் செய்துகொள்ள விழையும் தமிழாய்வாளர்க்கு இப்பாட்டே நல்ல வாயில் எனத் தோன்றுகிறது.

மூன்று பகுப்புகள்

முதலாவது விண்மீன் குழு. கண்ணுக்குத் தெரியும் மீன்களைக் கோடிட்டு இணைத்து உருவம் கற்பிப்பது எல்லா மக்களிடமும் உள்ள பழக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தம் நூலில் 48 குழுக்களைத் தொகுத்துரைத்தார். தென்வானத்தின் எஞ்சிய பகுதிகளுக்குப் பிற்காலத்து ஐரோப்பிய மாலுமிகளும் வானியலாளர்களும் பெயரிட்டனர். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922இல் 88 குழுக்களை ஏற்றுக்கொண்டது. பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் வகுத்த எல்லைக்கோடுகள் 1930இல் வெளிவந்தன. அன்று முதல் விண்மீன் குழு என்பது உருவத்தைக் குறிப்பதினும் வானத்தின் ஒரு வட்டகையையே குறித்தது. ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்த ஊர்கள் யாவும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை ஆவதுபோல, எல்லைக்குள் தோன்றும் மீன்கள் யாவும் அக்குழுவைச் சேர்ந்தவை. அவை விண்வெளியில் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. மிதுனத்தின் காஸ்டர், போலக்ஸ் என்னும் இரு மீன்களும் பார்வைக்கு இணைபோலத் தோன்றினும் ஒன்று ஏறத்தாழ 51 ஒளியாண்டுத் தொலைவிலும் மற்றொன்று 34 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. கார்த்திகையோ ஒரே முகிலில் பிறந்து ஒன்றாகச் செல்லும் மெய்யான கொத்து. வானத்தில் குழு எனக் கண்டவற்றுள் இவ்வாறு உண்மைக் குழுவாக அமைவன மிகச் சில.

இரண்டாவது நாள்மீன். திங்கள் விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்று வர 27 நாள்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நாளும் ஆகின்றன. ஒவ்வோர் இரவும் அது தங்கும் இடத்திற்கு ஒரு மீனோ சிறு மீன்கூட்டமோ அடையாளமாயிற்று. நாளுக்கு அடையாளமாதலின் அது நாள்மீன். இடம்பெயர்ந்து திரிவது கோள்மீன். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் வழக்கு பட்டினப்பாலையிலேயே உண்டு. பிற்காலக் கணிதம் வட்டத்தை 27 சம கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை அளித்தது. ஒவ்வொரு கூறும் நான்கு கால்களாக, அதாவது 3 பாகை 20 கலை கொண்ட பாதங்களாகப் பகுக்கப்பட்டது. ஆகவே நாள்மீன் என்னும் சொல்லுக்குக் கண்ணால் காணும் மீன், கணக்கால் அமைந்த இடம் என இரு பொருள்கள் உண்டு. சோதி, ஓணம், அவிட்டம் ஆகியவற்றின் மீன்கள் திங்கள் செல்லும் நெறியிலிருந்து வடக்கே மிகவும் விலகி நிற்பதைக் கண்டவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். திங்கள் சோதியில் நிற்கிறது என்றால் அம்மீனைத் தொட்டு நிற்கிறது என்பது கருத்தன்று. அம்மீனுக்குரிய கூற்றில் நிற்கிறது என்பதே கருத்து.

மூன்றாவது ஓரை அல்லது இராசி. இது ஞாயிற்றின் வீதியை 12 சம பகுதிகளாக்கியது. ஒவ்வொன்றும் 30 பாகை. பாபிலோனியாவில் உருவான இப்பகுப்பு கிரேக்கர் வழியாகக் கிறித்து ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் இந்தியாவில் பரவியது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பாண்டியன் அரண்மனையின் மேற்கட்டியில் ஆடு முதலாகிய மண்டிலம் தீட்டப்பட்டிருந்ததையும், திங்களைப் பிரியாத உரோகிணியைக் கண்டு அரசி நெடுமூச்செறிந்ததையும் நெடுநல்வாடை கூறுகிறது. அங்கு ஓரையும் நாள்மீனும் ஒரே ஓவியத்தில் அருகருகே அமைந்துள்ளன.

இருபத்தேழைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டேகால் கிடைக்கும். எனவே ஓர் ஓரையின் எல்லை சில இடங்களில் ஒரு நாள்மீனின் நடுவே விழுவது தவிர்க்க இயலாதது. கார்த்திகைக் கூற்றின் முதற்கால் மேடத்தின் கடைசி 3 பாகை 20 கலையாகவும், ஏனைய மூன்று கால்கள் இடபத்தின் தொடக்கமாகவும் அமைகின்றன. கண்ணுக்குத் தெரியும் கொத்தோ இடபத்திற்குள் சில பாகைகள் தள்ளியே உள்ளது. ஆகவே திங்கள் கார்த்திகை முதற்காலில் நிற்கும் இரவில் வானத்தைப் பார்ப்பவர்க்குக் கொத்து திங்களுக்குக் கிழக்கே, சற்று விலகித் தெரியும். உரைகாரர் கூறும் மேடம் இந்தக் கணக்கு மேடம். வான்படம் காட்டும் இடபமோ டெல்போர்ட் வகுத்த வட்டகை. உத்தரத்தின் நிலையும் இத்தகையதே. அதற்குரிய டெனிபோலா என்னும் மீன் வான்படத்தில் சிங்கத்தின் வால்நுனியில் இருக்க, உத்தரக் கூற்றின் முக்கால் பகுதி கன்னி ஓரைக்கு உரியது.

பாட்டும் பழைய உரையும்

கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இன்ன நாளில் இறப்பான் என அஞ்சியிருந்து, அவ்வாறே அவன் துஞ்சியபோது கூடலூர் கிழார் பாடியதாகப் பாட்டின் குறிப்பு கூறுகிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்த புலவரும் தொகுப்பித்த அரசனும் இவர்களே என்பதால், நமக்கு ஒரு நூலைத் தந்த இருவரின் பிரிவு இது என்றும் கொள்ளலாம்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த பெயர் தெரியாத உரைகாரரின் பழைய உரை, புறநானூற்றின் முதல் 266 பாட்டுகளுக்கே கிடைக்கிறது. 229 அவ்வெல்லைக்குள் அமைந்தது நற்பேறு. அவ்வுரையின் துணையின்றி இப்பாட்டின் வானத்தைப் பிரித்தறிவது கடினம். உரையின்வழிப் பெறப்படும் செய்தி இது: நாள் கார்த்திகையின் முதற்கால், பொழுது இருள் நிறைந்த நள்ளிரவு, மாதம் பங்குனியின் முதற் பதினைந்து நாள்கள். முடப்பனை வடிவான அனுடத்தின் அடிமீன் முதல் குள வடிவான புனர்பூசத்தின் கடைமீன் வரை வானம் விளங்குகிறது. தலைநாள்மீனாகிய உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது. அதற்கு எட்டாவதான மூலம் எதிரே எழுகிறது. அதற்கு முன் சென்ற எட்டாவதான மிருகசீரிடம் மேற்கே தாழ்கிறது. அப்பொழுது கிழக்கும் செல்லாமல் வடக்கும் செல்லாமல் ஒரு மீன் நிலவுலகுக்கு விளக்குப்போல ஒளி பரப்பி விழுகிறது. அதைக் கண்டவர் அரசனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அச்சம் மெய்யாகிறது.

பாசி, ஊசி என்னும் திசைப் பெயர்கள் கிழக்கையும் வடக்கையும் குறிப்பன. பிராசீ, உதீசீ என்னும் வடசொற்களின் திரிபுகளாக இவற்றைக் கொள்வது பொருந்தும். வடக்கிற்கு ஊசி என்னும் பெயர் இருத்தலால் காந்த ஊசியைச் சங்ககாலத்தார் அறிந்திருந்தனர் என்று வாதிட ஒருவர்க்கு ஆசை எழலாம். பாசியை அருகில் வைத்துப் பார்த்த அளவிலேயே அவ்வாசை தணியும்.

எட்டாம் மீன்

உரைகாரர் இருமுறை எட்டு எனக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 27 மீன்களும் சேர்ந்து வானத்தைச் சுற்றிவர ஒரு நாள், அதாவது 60 நாழிகை ஆகிறது. ஆகவே ஒரு மீன் உச்சியைக் கடந்து அடுத்தது அங்கு வர ஏறத்தாழ இரண்டேகால் நாழிகை, அதாவது 53 நிமிடம் செல்லும். தொடுவானத்திலிருந்து உச்சிவரை கால்வட்டம். 27இல் கால்பங்கு ஆறேமுக்கால். முழு எண்ணாகக் கொண்டால் ஏழு. தொடங்கிய மீனையும் சேர்த்தெண்ணும் மரபுப்படி ஏழு கடந்தது எட்டாவது. எனவே எந்த நாள்மீன் உச்சியில் நின்றாலும் அதற்கு எட்டாவது எழும். அதற்கு முன் எட்டாவது விழும். இது இரவில் பொழுதறியும் ஒரு வாய்பாடு. உத்தரம் 12ஆவது; மூலம் 19ஆவது; மிருகசீரிடம் 5ஆவது. இருபுறமும் ஏழேழு. அனுடம் 17ஆவது, புனர்பூசம் 7ஆவது. இருபுறமும் ஐந்தைந்து. உத்தரத்தை நடுவாக வைத்து இரு சமச்சீர் வளைவுகளாக வானம் வரையப்பட்டிருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஆனால் மேற்கூறியது சமபங்குக் கணக்கு. மெய்யான மீன்கள் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல. உத்தரமீன் ஞாயிற்று வீதிக்கு வடக்கே 12 பாகை விலகியும், மூலமும் மிருகசீரிடமும் தெற்கே 13 பாகைக்குச் சற்று மேற்பட்டும் உள்ளன. ஆகவே உரைகாரர் ஏட்டுக் கணக்கை மட்டும் எழுதிவைத்தாரா, அவர் கூறுவது வானத்தோடும் பொருந்துகிறதா என்பதைத் தனியே சோதித்தல் வேண்டும்.

கோளக் கோணவியல் சூத்திரத்தைக் கொண்டு 11 பாகை வட அட்சரேகைக்கும் ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டுக்கும் இக்கட்டுரையாளர் கணக்கிட்டதில் பின்வரும் நிலை கிடைத்தது. உத்தரம் உச்சிக்கோட்டை அடையும் பொழுதில் மிருகசீரிடத்தின் முதன்மை மீன் மறைந்து கால் மணி நேரம் ஆகவில்லை. மூலம் எழுந்தும் கால் மணி நேரம் ஆகவில்லை. பொழுதை நாழிகையால் அளந்த காலத்தில் இதனினும் நெருங்கிய பொருத்தத்தை எதிர்பார்க்க இயலாது. வானத்தின் மூன்று முனைகளில் ஏறக்குறைய ஒரே பொழுதில் நிகழ்வனவற்றைப் பாட்டு ஒருங்கே காட்டுகிறது. இன்றைய வானத்திலும் இது பெரிதும் மாறவில்லை. உத்தரம் உச்சிக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக மிருகசீரிடம் மறைகிறது. உத்தரம் உச்சியிலிருந்து சாயத் தொடங்கிக் கால் மணி முதல் இருபது நிமிடத்திற்குள் மூலம் எழுகிறது.

மாதப்பெயரும் இங்குத் துணைநிற்கிறது. நிறைமதி எந்த நாள்மீனோடு கூடுகிறதோ அதன் பெயரே மாதத்திற்கு வழங்குகிறது. நிறைமதி ஞாயிற்றுக்கு நேரெதிரே நிற்பதால் அந்த நாள்மீனே அம்மாதத்து நள்ளிரவில் உச்சியில் நிற்கும். அகநானூற்று 141ஆம் பாட்டில் நிறைமதி அறுமீனைச் சேரும் இரவில் விளக்கு ஏற்றுவது கூறப்படுவதும் இவ்வடிப்படையிலேயே. சித்திரை மாத நள்ளிரவில் சித்திரையும், மாசி மாத நள்ளிரவில் மகமும் உச்சியில் நிற்பவை. பங்குனி என்னும் பெயரும் உத்தரத்தின் வடமொழிப் பெயராகிய உத்தரபல்குனியோடு தொடர்புடையது. ஆகவே பங்குனி, நள்ளிரவு, உச்சியில் உத்தரம் என்னும் மூன்று செய்திகளில் இரண்டைச் சொன்னாலே மூன்றாவது தானாக வந்துவிடும். மூன்றையும் சொல்லி, எழுமீனையும் விழுமீனையும் சேர்த்து உறுதிப்படுத்துவது, கண்டதைப் பதிவுசெய்யும் சாட்சியின் இயல்பு.

இருளும் பிறையும்

நள்ளிரவு எனில் இருள் தானே வரும். அதனைப் பாட்டு தனியே சொல்வதேன் என்று வினவலாம். இருளும் கணக்கிற்கு உட்பட்டதே. பங்குனியின் முதற்பாதியில் ஞாயிறு மீன ஓரையின் முதல் 15 பாகைக்குள் இருக்கும். திங்கள் கார்த்திகை முதற்காலில் நின்றால் இரண்டிற்கும் இடையே 42 முதல் 60 பாகை வரை இடைவெளி உண்டாகும். 12 பாகைக்கு ஒரு பிறைநாள் என வகுத்தால் அது வளர்பிறையின் நான்காம் அல்லது ஐந்தாம் நாள். அப்பிறை ஞாயிறு மறைந்து ஏறத்தாழ மூன்று, நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும். நள்ளிரவில் வானத்தில் திங்கள் இல்லை. நாளையும் மாதத்தையும் கொடுத்து இருளைச் சொன்ன புலவர் தமக்குத்தாமே முரண்படவில்லை. திங்கள் உத்தரத்திலோ சித்திரையிலோ நின்ற இரவு என்று கூறியிருந்தால் அவ்விருள் பொய்யாகியிருக்கும்.

மாதத்தை ஞாயிற்று மாதமாகக் கொள்ளாமல் அமாவாசையில் தொடங்கும் திங்கள் மாதமாகக் கொண்டாலும் முதற் பதினைந்து என்பது வளர்பிறையாகிவிடும். கார்த்திகை அதன் ஐந்தாம் ஆறாம் நாள்களில் வரும். பிறை அப்போதும் நள்ளிரவுக்கு முன்பே மறையும். ஆகவே சங்ககாலத்தார் எவ்வகை மாதத்தைப் பின்பற்றினர் என்னும் வினாவுக்கு இப்பாட்டிலிருந்து விடை பெற இயலாது.

முடப்பனையும் குளமும்

தமிழ்ப் பெயர்களுள் சில எண்ணால் அமைந்தவை: கார்த்திகை அறுமீன், வடவானத்து முனிவர் எழுவர் எழுமீன். சிந்துவெளி முத்திரைகளில் மீன் குறியோடு வரும் ஆறு, ஏழு கோடுகளை அஸ்கோ பார்ப்போலா இப்பெயர்களோடு இணைத்துப் படித்தது பலரும் அறிந்தது. அப்படிப்பு இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. வேறு சில பெயர்கள் உருவத்தால் அமைந்தவை. உரோகிணி சகடம், அகநானூற்று 136இல் திருமணநாளில் திங்கள் கூடுவது இச்சகடத்தோடுதான். முடப்பனையும் குளமும் இவ்வகையின.

குளத்தை முதலில் நோக்குவோம். புனர்பூசத்திற்குக் காஸ்டர், போலக்ஸ் என்னும் இரு மீன்களை மட்டும் கொண்டால் குளம் வரைய இடமில்லை. இரு புள்ளிகளால் ஒரு கோடே அமையும். மிதுன இரட்டையரின் தலைமீன்களோடு கால்மீன்களையும் சேர்த்தால் நீண்ட நாற்கரம் ஒன்று தெளிவாகத் தோன்றும். நாற்புறமும் கரையிட்ட குளம் என்னும் கற்பனை அதற்கு நன்கு பொருந்துகிறது. அவ்வாறாயின் தமிழர் கண்ட குளம் நாள்மீனினும் பெரிய உருவம். பின்னர் அது ஒரு நாளின் பெயராகச் சுருங்கியது எனலாம்.

முடப்பனை இதனினும் ஈர்ப்புடையது. அனுடத்திற்குரியவை விருச்சிகத்தின் தலைப்பகுதியில் மெல்லிய வில்போல் அமைந்த மூன்று மீன்கள். அவற்றில் பனையின் வளைவைக் காணலாம் என்றாலும், தென்கிழக்கில் எழுந்துவரும் முழுத்தேளையும் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது வேறு. அனுடம் மேலே விரிந்த ஓலைக்கொண்டை. கேட்டை செந்நிறத்தில் ஒளிரும் கழுத்து. கீழே நீண்டு வளைந்த உடல். எல்லாவற்றிற்கும் கடைசியில் எழுவது மூலம். மூலம் என்றால் வேர். பாட்டிலும் முடப்பனையின் வேரே கூறப்படுகிறது. கொண்டை முதலில் எழ, வேர் கடைசியில் எழும் ஒரு வளைந்த பனை! இதைக் கண்டபோது உரைகாரரை மறுத்து, முடப்பனையின் வேர் என்பது மூலத்தையே குறிக்கும் என எழுத இக்கட்டுரையாளர் முற்பட்டதுண்டு.

ஆயினும் இரு தடைகள் உள்ளன. மூலம் எழுவதைப் பாட்டு நிலைநாள்மீன் என்னும் பெயரால் தனியே கூறுகிறது எனில், அதனையே முன்னரும் கூற வேண்டிய தேவையில்லை. மேலும், புனர்பூசத்திலிருந்து உத்தரம் வரையிலும் உத்தரத்திலிருந்து அனுடம் வரையிலும் ஐந்தைந்தாக அமைந்த சமநிலை, அனுடத்தை நீக்கி மூலத்தை வைத்தால் குலைந்துவிடும். உருவப்பெயர் முழுவளைவிலிருந்து பிறந்திருக்கலாம். பாட்டில் அது ஆளப்பட்டிருப்பது அனுடத்தையே. இவ்விடத்தில் உரைகாரரே வெல்கிறார்.

ஆண்டைக் கணித்தல்

இத்துணைப் பொருத்தம் உடைய வானக்குறிப்பைக் கொண்டு பாட்டு பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. பரிபாடலின் 11ஆம் பாட்டில் நல்லந்துவனார் கூறும் கோள்நிலைகளைக் கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634ஆம் ஆண்டைக் குறித்ததும், அதன்மேல் எழுந்த மறுப்புகளும் ஆய்வுலகம் அறிந்தவை. அம்முடிவு ஏற்கத்தக்கதோ அன்றோ, அங்கு அத்தகைய முயற்சிக்கு இடம் உண்டு. காரணம் அங்குக் கோள்கள் உள்ளன. வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டும் சனி 29 ஆண்டுக்குச் சற்று மேலும் எடுத்துக்கொள்வதால் அவற்றின் கூட்டுநிலை எளிதில் திரும்ப வாராது.

புறநானூற்று 229இலோ கோள் ஒன்றும் இல்லை. நாள்மீன்களும் திங்களும் மட்டுமே உள்ளன. நாள்மீன்களின் வைப்பு மாதத்தையும் பொழுதையும் தரும். திங்கள் பிறைநாளைத் தரும். பங்குனி முதற்பாதியில் திங்கள் கார்த்திகையில் நிற்பது ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. ஆண்டைத் தரும் எதுவும் பாட்டில் இல்லை. அயனச் சலனத்தால் பருவத்திற்கும் விண்மீனுக்கும் உள்ள தொடர்பு 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகுகிறது என்பது உண்மையே. ஆனால் பங்குனி என்னும் மாதமே விண்மீனைச் சார்ந்து அமைந்தது. மாதமும் மீனும் ஒன்றாகவே நகர்வதால் பங்குனி நள்ளிரவில் உத்தரம் அன்றும் உச்சியில் நின்றது, இன்றும் நிற்கிறது. எழுதல் மறைதல்களில் 1900 ஆண்டுகளில் நேர்ந்த வேறுபாடு அரைமணி நேரத்திற்கு உட்பட்டது. கண்ணால் கண்டு பாட்டாக்கிய ஒரு குறிப்பின் துல்லியத்தைவிட அது பெரிதன்று. ஆகவே இப்பாட்டின் வானத்தைக் கணினியில் இட்டு இன்ன ஆண்டு, இன்ன தேதி எனக் கூறும் முடிவுகளை ஏற்பதற்கில்லை. காலத்தைப் பற்றி இப்பாட்டு ஏதேனும் கூறுமாயின் அது வேறு வழியில்தான்: ஆடு என்பது மேட ஓரையே எனில், ஓரைப் பகுப்பு தமிழகத்தை எட்டிய பின்னரே பாட்டு தோன்றியிருக்க வேண்டும்.

ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான்காட்டி மென்பொருள்களில் இதனைச் சோதிக்க விரும்புவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இன்று பங்குனி மார்ச் மாத நடுவில் தொடங்குகிறது. கி.பி. 100ஆம் ஆண்டுக்கு மார்ச் 20 என்று இட்டால் திரையில் வருவது பங்குனியின் முதற்பாதி வானம் அன்று. ஞாயிறு விண்மீன் சார்ந்த மீன ஓரையின் முதற்பாதியில் நின்றது அக்காலத்து ஜூலியன் நாட்காட்டியில் பிப்ரவரிப் பிற்பகுதியும் மார்ச்சின் முதற் சில நாள்களும் ஆகும். ஞாயிற்றின் இடத்தைப் பார்த்துத் தேதியை அமைக்க வேண்டுமேயன்றி, தேதியை இட்டு ஞாயிற்றைத் தேடலாகாது.

மென்பொருள் இன்றியும் இதனைக் காணலாம். மார்ச் 20ஐ ஒட்டிய இரவுகளில் தமிழகத்தில் நள்ளிரவு 12 மணிக்குக் கால் மணி நேரம் கழித்து உத்தரம் ஏறத்தாழ தலைக்கு நேரே வரும். தென்கிழக்குத் தொடுவானம் மலையோ கட்டடமோ மறைக்காத இடமாக இருத்தல் வேண்டும். மூலம் அங்குதான் எழும். மேற்கில் மிருகசீரிடத்தைக் காண்பது அரிது. அதன் மூன்று மீன்களும் மங்கலானவை. தொடுவானத்துப் புழுதியில் முன்னதாகவே மறைந்துவிடும். அதன் அருகில் நிற்கும் திருவாதிரையின் செவ்வொளியை வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

ஒரு மீன்

நாள்மீன் வைப்பு இவ்வாறு தெளிவானபின் பாட்டின் கட்டுமானமும் வேறாகத் தோன்றுகிறது. நிமித்தம் பார்ப்போர்க்கு நாளும் திசையும் தேவை. அவற்றை மட்டும் கூறிப் புலவர் நிறுத்தியிருக்கலாம். அவரோ உச்சியிலிருந்து சாய்வதையும், எதிரே எழுவதையும், துறையில் தாழ்வதையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். இம்மூன்றும் ஒவ்வோர் இரவும் தவறாது நிகழும் இயக்கங்கள். உச்சியில் நின்றது சாய்வதற்கு நாழிகைக் கணக்கு உண்டு. மறைவதற்குப் பதினைந்து நாழிகைக் கணக்கு உண்டு. மறைந்தது மறுநாள் எழும் என்பதற்கும் உறுதி உண்டு. அவ்வொழுங்கைக் கேட்போர் மனத்தில் நிலைநிறுத்திய பிறகே விழுமீனைக் கொண்டுவருகிறார்.

அதுவரை கூறப்பட்ட மீன்களுக்கெல்லாம் பெயரோ, பெயருக்கு ஈடான அடையோ உண்டு: அழல், முடப்பனை, குளம், தலைநாள்மீன், நிலைநாள்மீன், தொன்னாள்மீன். விழுந்ததற்கு மட்டும் பெயர் இல்லை. அது 27இல் ஒன்றன்று; எக்குழுவிலும் இல்லை; எந்த எண்ணிக்கையிலும் அடங்கவில்லை. அதனை ஒரு மீன் என்றே கூடலூர் கிழார் குறிக்கிறார்.